இலவச முகாமில் ஆயாவுக்குக் கண் ஆபரேஷன் செய்யலாமா?

ஒடுகத்தூர் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது. அவருடைய ஆயாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. வலது கண் சுத்தமாகத் தெரியவில்லை, இடது கண் மங்கல். வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டியபோது கண்புரை அறுவைக்குச் சொன்ன தொகை வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. அடுத்த வாரம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார்கள். வீட்டில் பீடி சுற்றும் அம்மாவோ, "ஓசியில செஞ்சா கண்ணு போயிடும், அதுவும் இல்லாம புரை இன்னும் பழுக்கட்டும்" என்கிறாராம். கூட்டிக்கொண்டு போகலாமா, வேண்டாமா?

போங்கள் தம்பி, தள்ளிப்போடாதீர்கள். பழைய வட ஆற்காடு மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் கண் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். முகாம்களில் பார்வை பார்த்து, ஆட்களைப் பேருந்தில் ஏற்றி அனுப்பி, திரும்பி வந்தவர்களுக்கு வீடு தேடிப்போய் சொட்டு மருந்து சரிபார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். நம் பகுதியில் ஏழைகளுக்கு அறுவை கிடைப்பது பெரிய கஷ்டம் இல்லை. காலத்தில் போய்ச் சேர்வதும், அறுவை முடிந்த பிறகு ஐந்தாறு வாரம் விடாமல் பார்த்துக்கொள்வதும்தான் கஷ்டம். கண் போகிறது என்றால் பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான் போகிறது.

முதலில் 'பழுக்கட்டும்' என்கிற பேச்சை எடுத்துக்கொள்வோம். அம்மா சொல்வது ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னதுதான். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கிப்போவதுதான் புரை. அப்போது அந்த லென்ஸை அதன் உறையோடு முழுசாக வெளியே எடுத்தார்கள். எடுத்த இடத்தில் வைக்க ஒன்றும் கிடையாது. அதனால் அறுவைக்குப் பிறகு பிளஸ் 10 பவர் அளவில் சோடாபுட்டிக் கண்ணாடி போட வேண்டும். ஓரளவு தெரிகிற கண்ணில் செய்து அந்தக் கண்ணாடியை மாட்டினால் இரண்டு கண்ணும் ஒத்துப்போகாது, ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் காட்டும். ஆகவே நன்றாக முற்றட்டும் என்று காத்திருப்பதில் அன்றைக்கு அர்த்தம் இருந்தது. இன்றைக்குச் செய்வது வேறு. சிறிய வெட்டு போட்டு, புரை விழுந்த பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, உறையை அப்படியே விட்டு, அதற்குள் செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். பெரும்பாலும் தையல்கூடக் கிடையாது. கண் மரத்துப்போக ஊசி போட்டுச் செய்வார்கள், சிக்கல் இல்லாத கண் என்றால் சில நிமிட வேலைதான். இதற்குப் புரை பழுக்கத் தேவையில்லை. பார்வைக் குறைவால் அன்றாட வேலை தடைபடுகிறது என்றால் அதுவே நேரம்.

காத்திருப்பதில் ஆபத்தும் உண்டு. முற்றிப்போன லென்ஸ் சில சமயம் ஊதிவிடும், இல்லையென்றால் உள்ளே கரைந்து கசியும். கண்ணின் அழுத்தம் சட்டென்று ஏறிவிடும். கண் சிவந்து, தாங்க முடியாத வலி, ஒரு பக்கத் தலைவலி, கூடவே வாந்தி. வாந்தியைப் பார்த்து வயிற்றுக் கோளாறு என்று கஷாயம் கொடுத்துக்கொண்டு நாள் கடத்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நாலைந்து நாளில் கண் நரம்பு செத்துவிடும். அப்புறம் யார் செய்தாலும் பார்வை திரும்பாது. உங்கள் ஆயாவின் வலது கண்ணில் இப்படி ஏதாவது தொடங்கினால் முகாம் வரட்டும் என்று இருக்காதீர்கள், அன்றைக்கே அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

முகாமுக்கு முன்பே வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஆயாவின் இடது கண்ணை அவர் உள்ளங்கையால் நன்றாக மூடச் சொல்லுங்கள். டார்ச்சை வலது கண்ணுக்கு மேலே, கீழே, பக்கவாட்டில் மாற்றி மாற்றிப் பிடித்து, "வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருது ஆயா?" என்று கேளுங்கள். சரியாகச் சொன்னால் விழித்திரையும் நரம்பும் வேலை செய்கின்றன என்று நம்பலாம், அறுவையால் பலன் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. வெளிச்சமே தெரியவில்லை என்றால் அந்தக் கண்ணில் புரைக்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது. மருத்துவர் 'இந்தக் கண்ணில் செய்து பயன் இல்லை' என்று சொன்னால் அலட்சியத்தில் சொல்வதாக நினைக்காதீர்கள். இருக்கிற இடது கண்ணைக் காப்பாற்றும் வழியை அவரிடமே கேளுங்கள்.

சரி, இனி அம்மாவின் பயத்துக்கு வருவோம். அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2008-இல் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு முகாம் வழியாக அறுவை செய்துகொண்டவர்களில் 66 பேர் கிருமித் தொற்றால் பார்வை இழந்தார்கள். தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்ட செய்தி அது. நம் பக்கத்துக் கிராமங்களிலும் அதற்குப் பிறகு கொஞ்ச காலம் முகாம் என்றாலே ஜனங்கள் வரத் தயங்கினார்கள். கிருமித் தொற்று காசு கொடுத்துச் செய்யும் இடத்திலும் வரலாம். கருவிகளை ஒவ்வொரு நோயாளிக்கும் சுத்தப்படுத்துகிறார்களா, கண்ணுக்குள் விடும் திரவம் சுத்தமானதா, அறுவை அரங்கு முறைப்படி இருக்கிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதனால்தான் பள்ளிக்கூடத்திலோ பந்தலிலோ அறுவை செய்வதை விட்டு வெகுகாலம் ஆகிறது. முகாமில் கண்ணைப் பார்ப்பார்கள், தேர்ந்தெடுப்பார்கள், அவ்வளவுதான். அறுவை, முகாம் நடத்தும் மருத்துவமனையின் அரங்கில்தான் நடக்கும். முகாம் நடத்துகிறவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ஆபரேஷன் எந்த ஆஸ்பத்திரியில சார்?" இரண்டாவது, "மறுபடி எப்போ பார்ப்பீங்க, எங்கே பார்ப்பீங்க?" இரண்டுக்கும் தெளிவாகப் பதில் சொல்கிறவர்களோடு ஆயாவை அனுப்பலாம். மழுப்பினால் அனுப்பாதீர்கள். இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்த முகாம் என்கிற வழக்கமே நம் மாவட்டத்துக்கு எவ்வளவு பழசு என்று இங்குள்ள பிள்ளைகளுக்கே தெரியாது. வேலூர் ஆரணி சாலையில் இருக்கும் ஷெல் ஆஸ்பத்திரி 1902-இல் ஐடா ஸ்கடர் என்கிற அமெரிக்க மருத்துவ அம்மையார் தொடங்கியது. நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்கிற வங்கிக்காரர் இறந்துபோன மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் கட்டியது. முதலில் பெண்கள், குழந்தைகளுக்கான மருத்துவமனையாக இருந்து, பிறகு சி.எம்.சி. என்கிற வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவமனை ஆனது. ஐடா அம்மையார் குடியாத்தம் சாலையில் வழி நெடுக மரத்தடியில் வண்டியை நிறுத்தி நிறுத்தி வைத்தியம் பார்த்துக்கொண்டே போவார். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவரைத் தேடி ஆஸ்பத்திரி போக வேண்டும் என்பது அன்றே இங்கே வேர்விட்டது. 1940-களின் கடைசியில் விக்டர் ராம்போ என்கிற கண் மருத்துவர் சி.எம்.சி.க்கு வந்து, நடமாடும் கண் முகாம்களைப் பெரிய இயக்கமாகவே நடத்தினார். கிராமத்துக்குப் போய் அங்கேயே அறுவை செய்த காலம் அது. வேறு வழி இல்லாத அந்தக் காலத்தில் அதுவே ஆயிரக்கணக்கான கண்களைத் திறந்தது.

கண் மருத்துவர் மார்கரெட் பிராண்ட் அம்மையாரையும் சொல்லாமல் இருக்க முடியாது. ஷெல்லிலும் காட்பாடி பக்கத்துக் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் தொழுநோயாளிகளின் கண்ணுக்காகவே உழைத்தவர் அவர். தொழுநோயில் முக நரம்பு செயலிழந்தால் இமை மூடாது. கருவிழியில் உணர்ச்சியும் போய்விடுவதால் தூசு விழுந்தாலும் தெரியாது. திறந்தபடியே கிடக்கும் கண் காய்ந்து, புண்ணாகி, பார்வை போகும். கையும் காலும் மரத்துப்போனவருக்கு மிச்சம் இருப்பது கண்தான், அதுவும் போனால் அவர் எதைத் தடவி வழி தெரிந்துகொள்வார்? தொழுநோய் என்றால் மருத்துவர்களே கை வைக்கத் தயங்கிய நாளில் இதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டவர். அவரை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு நெகிழும்.

இலவச அறுவையிலும் லென்ஸ் வைப்பார்களா என்று பலர் சந்தேகப்படுகிறார்கள். வைப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த காலத்தில் லென்ஸ் விலை ஏழைக்கு எட்டாது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் 1992-இல் ஆரோலேப் என்கிற தொழிற்கூடத்தைத் தொடங்கி லென்ஸை இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். விலை சரிந்தது. அதற்குப் பிறகுதான் சோடாபுட்டிக் கண்ணாடி நம் கிராமங்களை விட்டுப் போனது. இலவசமாக வைப்பது பெரும்பாலும் மடங்காத, கெட்டியான லென்ஸ். காசு கொடுத்தால் மடக்கி வைக்கும் லென்ஸ், அதற்கு இன்னும் சிறிய வெட்டு. புண் கொஞ்சம் சீக்கிரம் ஆறும். ஆனால் ஆயா அடுப்பங்கரையையும் ஆட்டையும் பேரன் முகத்தையும் பார்க்கக் கெட்டி லென்ஸே தாராளம். இதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

அப்படியென்றால் காசு எங்கிருந்து வருகிறது? 1976-இல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. தொண்டு மருத்துவமனைகள் இலவசமாகச் செய்யும் ஒவ்வொரு புரை அறுவைக்கும் அதன் வழியாக மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கம் ஒரு தொகை தருகிறது. மீதியைக் கட்டணம் கட்டும் நோயாளிகளின் வரவிலிருந்தும் நன்கொடையிலிருந்தும் ஈடுகட்டுகிறார்கள். பந்தல், மைக், சாப்பாடு, பேருந்துச் செலவை லயன்ஸ், ரோட்டரி மாதிரியான சங்கங்களோ ஊர்ப் பெரியவர்களோ ஏற்பார்கள். ஆகவே ஆயா யாருக்கும் கடன்பட்டவர் இல்லை. கூனிக் குறுகி நிற்கவும் வேண்டாம். முகாமில் யாராவது மருந்துக்கு, கண்ணாடிக்கு என்று தனியாகப் பணம் கேட்டால் ஏற்பாட்டாளரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்.

முகாம் அன்று நடப்பதைச் சொல்லிவிடுகிறேன், ஆயாவுக்குப் பயம் குறையும். முதலில் ஆறு மீட்டர் தள்ளி நிற்க வைத்து, படிக்கத் தெரியாதவர்களுக்கென்று இருக்கும் அட்டையைக் காட்டுவார்கள். மூன்று கால் வைத்த எழுத்து ஒன்று நாலு பக்கமும் திரும்பித் திரும்பி இருக்கும். கால் எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும். அப்புறம் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள், ரத்த அழுத்தம், சர்க்கரை, கண்ணின் அழுத்தம். அதற்குப் பிறகு வருவதுதான் பலருக்கும் புரியாத சோதனை. கீழ் இமையின் மூக்கோர முனையில் ஊசிமுனை அளவில் ஒரு துளை இருக்கிறது. கண்ணீர் அதன் வழியாகத்தான் மூக்குக்குள் இறங்குகிறது. மழுங்கிய ஊசியை அதில் மெல்ல வைத்து உப்புநீரை விடுவார்கள். விட்டுவிட்டு, "தொண்டையில கரிக்குதாம்மா?" என்று கேட்பார்கள். கரித்தால் வழி திறந்திருக்கிறது. கரிக்காமல் தண்ணீர் திரும்பிக் கண்ணிலேயே வழிந்தால், அதிலும் சீழ் சேர்ந்து வந்தால், அன்றைக்குத் தேர்வு இல்லை. அந்தச் சீழ்ப் பையை வைத்துக்கொண்டு கண்ணைத் திறந்தால் கிருமி உள்ளே போகும். "எல்லாரையும் ஏத்திக்கிட்டாங்க, என்னை மட்டும் வுட்டுட்டாங்க" என்று அழுதுகொண்டு திரும்பிய அம்மாக்களை எனக்குத் தெரியும். அவர்களைத் திருப்பி அனுப்பியதுதான் அவர்கள் கண்ணைக் காப்பாற்றியது. ஆயாவைத் திருப்பி அனுப்பினாலும் காரணத்தைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் குறையைச் சரிசெய்துவிட்டு அடுத்த முகாமுக்குப் போகலாம்.

ஆதார், குடும்ப அட்டை, வீட்டு ஃபோன் நம்பர், ஆயா சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போடுங்கள். மாற்றுப் புடவை வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரை சாப்பிட்டால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆண்களாக இருந்தால், சிறுநீர் அடைப்புக்குச் சாப்பிடும் மாத்திரையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதில் சில வகை அறுவை நேரத்தில் கண்பாவையைச் சுற்றியிருக்கும் திரையைத் தளர வைத்துத் தொந்தரவு கொடுக்கும். முடிந்தால் துணைக்கு ஒருவர் போங்கள். 'ஆட்டை யார் பார்ப்பது, யார் கூட வருவது' என்ற கேள்வியில்தான் எத்தனையோ ஆயாக்கள் வருஷக்கணக்கில் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அறுவைக்குப் பிறகான வாரங்கள்தான் உங்கள் பொறுப்பு, தம்பி. மருத்துவமனை நன்றாகச் செய்து அனுப்பினாலும் வீட்டில் கெட்டுப்போகலாம். சொட்டு மருந்து முதலில் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை, பிறகு வாரா வாரம் குறைத்துக்கொண்டே வருவார்கள். எப்படிக் குறைப்பது என்பது சீட்டில் இருக்கும், நீங்களே நிறுத்தாதீர்கள். விடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பாட்டில் முனை இமையில் படக்கூடாது. தலைக்குக் குளிப்பது சொல்லும்வரை வேண்டாம், கழுத்துக்குக் கீழே ஊற்றிக்கொள்ளலாம். விறகடுப்புப் புகைப் பக்கமே விடாதீர்கள். இதுதான் நடைமுறையில் கஷ்டம், அடுத்த நாளே ஆயா அடுப்பு ஊதப் போய்விடுவார். கண்ணைத் துடைக்க முந்தானையைப் பயன்படுத்தக் கூடாது. லேசான உறுத்தல், நீர் வடிதல் இருக்கும். வலி கூடினாலோ, பார்வை முதல் நாள் இருந்ததைவிடக் குறைந்தாலோ, சீழ் கண்டாலோ, இரவானாலும் கிளம்பிப் போங்கள். தொற்றில் சில மணி நேரத் தாமதமே கண்ணைக் கொண்டுபோய்விடும்.

ஒரு மாதம் கழித்து வரச் சொல்லும் நாளைத் தவற விடாதீர்கள். மீதி இருக்கும் சின்னப் பவருக்குக் கண்ணாடி கொடுப்பது அன்றைக்குத்தான். ஓரிரண்டு வருஷம் கழித்து மறுபடி மங்கலானால் 'ஓசி ஆபரேஷன், அதான் கெட்டுப்போச்சு' என்று ஊரில் சொல்வார்கள். லென்ஸுக்குப் பின்னால் விட்டுவைத்த உறையில் படலம் படிவதுதான் அது. காசு கொடுத்துச் செய்தவருக்கும் வரும். லேசர் வைத்துச் சில நிமிடத்தில் திறந்துவிடுவார்கள், வெட்டு கிடையாது.

முகாம் வருவதற்குள் அவசரம் என்றாலோ, முகாமில் தேர்வாகவில்லை என்றாலோ வழி அடைத்துவிடாது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. ஷெல்லில் வசதி இல்லாதவர்களுக்குச் சலுகை பற்றிக் கேட்கலாம். கே.வி.குப்பம் பக்கம் ருஹ்சா என்கிற சி.எம்.சி.யின் கிராமப்புற மையமும், பாகாயம் பக்கம் சாட் என்கிற சி.எம்.சி.யின் சமுதாய மருத்துவமனையும் கிராமத்தோடு நேரடித் தொடர்பு உள்ளவை. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் மருத்துவ உதவியாளர் எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் எழுதும் சீட்டோடு போனால் அலைச்சல் குறையும். ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தை மாதிரி ஊர்களில் இருப்பவர்களுக்குத்தான் இன்னும் சரியான விடிவு இல்லை என்பது என் மனக்குறை. கீழே இறங்கவே ஒரு நாள் கூலி போகும் என்றால், மறுபரிசோதனைக்கு எப்படி வருவார்கள்? சென்னையில் இருக்கும் சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனை, ஐஐடி மெட்ராஸோடு சேர்ந்து இரண்டு பேருந்துகளை இணைத்து நடமாடும் அறுவை அரங்கு வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட ஏற்பாடு ஜவ்வாது மலைக்கு வழக்கமாகவே வந்து போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

இதைத் தொட்டே இன்னொன்று. நாட்டில் 50 வயதைத் தாண்டிப் பார்வை இழந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் காரணம் புரைதான் என்று 2015-19 தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. மிச்சப் பங்கில் முகாமால் மீட்க முடியாதவை நிறைய. கதிர் அடிக்கும்போது நெல் சுணையோ கரும்புத் தோகையோ கண்ணில் பட்டால், தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் விடுவது, நாக்கால் தூசி எடுக்கச் சொல்வது, மருந்துக் கடையில் கேட்டு ஏதோ ஒரு சொட்டு மருந்து வாங்குவது எல்லாம் நம் ஊரில் நடக்கிறது. கடைக்காரர் கொடுப்பதில் ஸ்டீராய்டு இருந்தால் பூஞ்சைப் புண் தீயாய்ப் பரவும். ஆறினாலும் வெள்ளையாகப் பூ விழுந்துவிடும். கண்ணில் அடி பட்டால் அன்றே ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். சர்க்கரை உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரையைக் காட்ட வேண்டும்.

கடைசியாக உங்கள் அம்மா. பீடி சுற்றுகிறார் என்றீர்கள். நாற்பதைத் தாண்டியிருப்பார். இலை வெட்டும்போதும் நூல் கட்டும்போதும் கையைத் தள்ளிப் பிடிக்கிறாரா, வெளிச்சம் தேடி வாசலுக்குப் போகிறாரா, பீடிக் கட்டுகளில் கழிவு அதிகம் போகிறதா என்று கவனியுங்கள். அது வெள்ளெழுத்து, புரை இல்லை. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது தாண்டிய தொழிலாளர்களுக்கு கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க உதவும் கண்ணாடியை இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கண்ணாடி இல்லாதவர்களைவிட அவர்கள் பறிக்கும் அளவு 20 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக ஏறியது என்று 2018-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பிளஸ் 1.5, பிளஸ் 2 பவரில் ஒரு சாதாரணக் கண்ணாடி போதும், பல முகாம்களில் அன்றே கொடுத்துவிடுவார்கள். ஆயாவுக்குத் துணையாக அம்மாவை அனுப்புங்கள். வரிசையில் நிற்கும்போது அவர் பெயரையும் பதிந்துவிடுங்கள். சுற்றிய பீடி ஒன்றையும் கொஞ்சம் நூலையும் கையில் எடுத்துப் போகச் சொல்லுங்கள், கண்ணாடியை மாட்டிவிட்டு அதைப் பார்க்க வைத்துத்தான் பவரை முடிவு செய்ய வேண்டும்.